ஏழாம் பெட்டி சொன்னது

திருவொற்றியூர்
2 ஜூன் 2003

மரியே வாழ்க

ஐரீனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ பெங்களூர் போய்ச் சேர்ந்ததை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ராயபுரத்துக்குப் போன் போட்டாயாம். இங்கே ஏன் போடவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. செல்லக்கனி கடை போனில் நான் காசு போட்டால், அவர் அதை வெளியே எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறார். ஒரு வார்த்தை கிடையாது. தபால்காரர் மாதவரத்தில் இருந்து வருகிறவர், அவருக்கு எங்கள் ஊர்ச் சட்டம் எதுவும் தெரியாது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

மார்ச்சில் ஊர் எங்களைத் தள்ளி வைத்தது. இதுவரை தளர்வதாகத் தெரியவில்லை. எங்கள் வலையை அறுத்தவன் யார் என்று என் வீட்டுக்காரர், உன் வால்டர் மாமா, ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டுமாம், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது குற்றமாம். கூட்டத்தில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அவர் விழுகிற ஆளா, நீயே சொல். எங்களோடு பேசினால் ஊருக்குத் தண்டம் கட்ட வேண்டும். குழாயடியில் என் குடம் கடைசி. கோவில் பூசையில் சமாதானம் சொல்லும்போது முன் வரிசைக்காரி திரும்பவே இல்லை. சாமியார் சொல்லியும் திரும்பவில்லை. ஆண்டவரைவிடத் தலைவர் லோகநாதன் பெரியவராகிவிட்டார் இந்தக் குப்பத்தில்.

மீனும் இப்போது தனியாகத்தான். ஊர்ப் படகுகள் நிற்கும் இடத்தில் நம் படகு நிற்க முடியாது. மாமா வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்தையும் தாண்டிப் போகிறார்.

நீ செய்து கொடுத்த ரேடியோப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் படகில் மூங்கில் நட்டு உச்சியில் கட்டியிருக்கிறார். வந்ததும் உப்பைத் துடைக்கிறார். என் கம்மலைக்கூட அப்படித் துடைத்ததில்லை. "மனுசன் பேசலன்னா இன்னா, பொட்டி பேசிகினு கீது பாரு" என்கிறார். ஊர்ப் படகுகளின் பெட்டியெல்லாம் ஒன்றோடு ஒன்று பேசும், அதில் நம்முடையதும் ஒன்று என்பதில் மனிதருக்கு அவ்வளவு நிறைவு. நானும் விட்டுவிட்டேன், போகட்டும் என்று.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எங்கள் படகுக்கும் ஒரு பெட்டி கொடுக்க லோகநாதன் எப்படிச் சம்மதித்தார்? பேசியே கரைத்துவிட்டாயா? கிளம்பும் அன்று மாமா முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாய், அது எனக்கு வருத்தம்தான்.

ஜூடி


பெங்களூர்
14 ஜூன் 2003

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். செல்லக்கனி காசை எடுத்து வைக்கிற இடத்தில் சிரித்துவிட்டேன், அப்புறம் வெட்கமாக இருந்தது.

மாமாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்புதான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்படித்தான் வைத்துக்கொள்ளேன்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சரியாகச் சொல்லவில்லை. இதைப் படித்துக் காட்டு. ஒரு பெட்டியின் குரல் நாலைந்து கிலோமீட்டருக்குமேல் போகாது. கரையிலிருந்து "திரும்பி வா" என்று சொன்னால் கிட்டே இருக்கும் படகுதான் கேட்கும். அது அடுத்த படகுக்குச் சொல்லும், அது அதற்கு அடுத்ததற்கு. நடுவில் கம்பமோ கோபுரமோ கிடையாது, படகுகளே வழி. கேட்ட பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

இதில் சிக்கல் என்னவென்றால், கேட்ட எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் கத்தினால் எதுவும் யார் காதிலும் விழாது. மீன் ஏலத்தில் எல்லாரும் ஒரேயடியாக விலை கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. பேட்டரியும் தீர்ந்துபோகும். அதனால் ஒரு பெட்டி சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் அதையே சொல்லிவிட்டார்கள் என்றால் வாயை மூடிக்கொள்ளும். யாரும் சொல்லவில்லை என்றால் தான் சொல்லும். குறைவாகப் பேசி எல்லாருக்கும் சேர்ப்பது, என் ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான். எங்கள் பேராசிரியருக்கு இதில் ரொம்பத் திருப்தி. குப்பத்தில் செய்து பார்த்ததை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்.

தலைவரைப் பற்றிக் கேட்டாய். அவர் சம்மதிக்காமல் ஒரு படகிலும் கை வைத்திருக்க முடியாது என்பது உனக்கே தெரியும். ஒன்றிரண்டு விஷயம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. மாமாவுக்கும் பெட்டி கிடைத்ததே, அதைப் பார்.

டிசம்பர் வரை பெட்டிகள் அங்கேயே இருக்கட்டும். கிறிஸ்துமசுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

ஐரீன்


திருவொற்றியூர்
20 நவம்பர் 2003

ஐரீன்,

டில்லிபாபு செத்துப்போனான். லோகநாதன் மகன். நீ இங்கே இருந்தபோது உன் பெட்டிகளைத் தலையில் சுமந்து படகு படகாகக் கொண்டுபோய்க் கொடுத்தானே, அவன்தான்.

திங்கட்கிழமை காற்று மாறியது. கரையிலிருந்து பெட்டியில் சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் படகெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. உன் மாமாவும் நனைந்து வந்தார். டில்லிபாபு வரவில்லை. இவருக்கு வடக்கே நல்ல இறால் படுவதைப் பார்த்து அவனும் ஒரு வாரமாக அங்கே போய்க்கொண்டிருந்தான், இவரையும் தாண்டி. இரண்டு நாள் கழித்து காத்திவாக்கம் பக்கம் கரை ஒதுங்கினான். கூடப் போன மாசானம் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தான்.

மாசானம் கூட்டத்தில் சொன்னானாம், "விளக்கு எரியவே இல்ல. வால்டரு படகு திரும்பிப் போச்சு, நாங்க பார்த்தோம்" என்று. அவ்வளவு போதுமே. இவருக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டார், தள்ளி வைத்ததற்குப் பழி தீர்த்துக்கொண்டார் என்று ஊரே சொல்கிறது. முன்பு எங்களைப் பார்க்காமல் போனார்கள். இப்போது நின்று பார்க்கிறார்கள். இதற்கு அதுவே மேல் என்று இருக்கிறது.

சாவு வீட்டுக்குப் போக முடியாது. அவன் அம்மா பூவம்மா அழுவது நாலு வீடு தள்ளி எனக்குக் கேட்கிறது. நான் பிள்ளை பெற்றபோது பத்தியச் சோறு பொங்கிக் கொண்டுவந்தவள். நேற்று யாரோ எங்கள் படகைக் கவிழ்த்துப் போட்டு இயந்திரத்தை உடைத்திருக்கிறார்கள். மாமா போய்ப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். சோறு வைத்தால் "வேணாம்" என்கிறார், அவ்வளவுதான்.

பயமாக இருக்கிறது ஐரீன். பேசுவதற்கு ஆள் இல்லை.

ஜூடி


பெங்களூர்
25 நவம்பர் 2003

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. டில்லிபாபுவுக்கு என்னை அக்கா என்று கூப்பிடவா மேடம் என்று கூப்பிடவா என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து "மேடக்கா" என்பான்.

மாமாவைப் பார்த்துக்கொள். அப்பாவிடம் சொல்லி ராயபுரம் போய்விடுங்கள்.

சில விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். டில்லிபாபுவின் பெட்டி கிடைத்ததா? பேட்டரியில் தண்ணீர் புகுந்திருக்கலாம். மூங்கில் சாய்ந்திருந்தாலும் கேட்காது. இல்லை, மாமாவின் படகுக்கும் அவன் படகுக்கும் இடையில் தூரம் அதிகமாகியிருக்கலாம். அவன் படகு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று மாமாவிடம் கேட்க முடியுமா? வேறு ஏதாவது படகு அந்தப் பக்கம் இருந்ததா? மாமாவின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது நிச்சயம்தானா?

கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்தாக வேண்டும், அதனால் கேட்கிறேன்.

ஐரீன்


திருவொற்றியூர்
30 நவம்பர் 2003

ஐரீன்,

பிள்ளை செத்த வீட்டில் மூங்கில் சாய்ந்ததா என்று கேட்கிறாய். உன் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். ஆனால் நீ சின்ன வயதிலிருந்தே மடியில் கனம் இருந்தால் இப்படித்தான் கேள்வியாகக் கேட்பாய். அது ஞாபகம் வந்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதினோரு நாள் கழித்து மனிதர் வாயைத் திறந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்ம பொட்டி செவப்பு எரிஞ்சிச்சு. திரும்பிப் பார்த்தேன், டில்லி படகு அந்தாண்ட கீது. தூரம் இல்ல, அவன் போட்டுகிற சட்டை கலரு தெரியுது. வேற படகு ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு நின்னு கையக் காட்டனேன். என்னப் பார்த்தான். பார்த்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினான். தலைவரு புள்ள, ஊரு சட்டத்த அவனே மீறுவானா? சரி, நம்ம பொட்டிதான் அவன் பொட்டிக்கு சொல்லுமே, அவனும் வந்துகினே இருப்பான்னு நெனச்சு வந்துட்டேன். கிட்டப் போயி கத்தியிருக்கணும். எனுக்கு ரோசம். பொட்டி சொல்லும்னு வுட்டுட்டேன் ஜூடி."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

தூரமும் இல்லை. இவர் பெட்டியும் வேலை செய்தது. அப்படியானால் அது ஏன் அவனுக்குச் சொல்லவில்லை? நீதானே செய்தாய், நீ சொல். ஜூன் மாதம் ஒன்றிரண்டு விஷயம் விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினாய். எதை விட்டுக்கொடுத்தாய்?

ஜூடி


பெங்களூர்
6 டிசம்பர் 2003

அக்கா,

மாமாவின் பெட்டி சொன்னது. டில்லிபாபுவின் பெட்டி கேட்காது. நான்தான் அப்படிச் செய்தேன்.

ஏப்ரலில் தலைவரிடம் அனுமதி கேட்கப் போனபோது அவர் சொன்னதை எழுதுகிறேன். "வால்டரு பொட்டி வச்சிக்கட்டும். ஊரு சொல்றத கேட்டுக்கட்டும், அதுல எனுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவன் சொன்னது எங்க படகு எதுலயும் ஏறக்கூடாது. ஏறிச்சின்னா ஊரு அவன் கூட பேசின மாதிரி ஆயிடும்." முடியாது என்றால் ஒரு படகுகூடக் கிடையாது என்றார். எனக்கு அந்தக் கோடையில் சோதனையைச் செய்தே ஆக வேண்டியிருந்தது. விட்டால் இன்னொரு வருடம் போய்விடும். அறைக்கு வந்து மற்ற எல்லாப் பெட்டியின் நிரலிலும் ஒரு வரி சேர்த்தேன், ஏழாம் எண் பெட்டி எது சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதே என்று. மாமாவின் பெட்டிதான் ஏழு. சேர்க்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மாமா எச்சரிக்கையைக் கேட்பார், அவர் உயிருக்கு ஆபத்தில்லை, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவரைத் தாண்டி ஒருவன் இருப்பான், மற்ற படகுகளின் குரல் அவன்வரை எட்டாது, அவனுக்கு இவர் ஒருவர்தான் வழியாக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கா, என் ஆராய்ச்சியே அதுதான். யாரைத் தாண்டி யார் இருக்கிறார், எந்தப் படகு வாயை மூடினால் யாருக்குச் சேராது, இதைத்தான் இரண்டு வருடமாகக் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் இந்த ஒரு வரியை மட்டும் நான் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால்தான் கிளம்பும்போது மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அந்தப் பெட்டியைத் துடைக்கிறார் என்று நீ எழுதியபோதாவது சொல்லியிருக்கலாம்.

பேராசிரியரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, சோதனை மே மாதமே முடிந்துவிட்டது, அப்புறம் நடந்ததற்கு நாம் பொறுப்பில்லை, இதை வெளியில் பேசினால் பட்டத்தை மறந்துவிடு என்றார். நல்ல மனிதர்தான். பயந்துவிட்டார். நானும் பயந்துதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படி. மாமா சொல்ல வேண்டியதைச் சொன்னார், அவர் சொல் போகாதபடி அடைத்தவள் நான் என்று எல்லாரும் கேட்கட்டும். தலைவர் கேட்டு அடைத்தேன் என்பதும் இதில் இருக்கிறது. அவர் மகன் என்பதை நினைத்து அந்த வரியை நாலு தடவை அடித்துத் திரும்ப எழுதினேன். அது இல்லாமல் மாமா பேர் துலங்காது.

நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். டிக்கெட் எடுத்து, போன வாரம் ரத்து செய்தேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஐரீன்


திருவொற்றியூர்
19 டிசம்பர் 2003

ஐரீன்,

உன் கடிதம் வந்த அன்று உன் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்று நினைத்தேன். அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "அப்ப நம்ம பொட்டி ஊமையா? இத்தினி நாளும்?" என்றார். உன்மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய், அந்தப் பெட்டியை அவிழ்த்துக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். தள்ளி வைத்த வீட்டுக்காரி கூட்டத்தில் பேசக்கூடாது, எனக்குத் தெரியும். நடுவில் நின்று சத்தமாகப் படித்தேன். நான் ஆரம்பித்ததும் பின்னால் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். முன்னால் இருந்தவர்கள் கொண்டுவர வேண்டிய ஐஸ், உடைந்த தார்ப்பாய் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், சாதாரணமாக, நான் அங்கே இல்லாத மாதிரி. லோகநாதன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தத்தையும் படித்து முடித்தேன். யாரும் கேட்கவில்லை. நான் சொல்வதைக் கேட்டால் அது என்னோடு பேசிய மாதிரி ஆகிவிடும் அல்லவா. உன் பெட்டி படித்த சட்டத்தை இவர்கள் அதற்கு முன்பே படித்தவர்கள்.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பின்வாசலில் ஆள் நின்றார். லோகநாதன். செருப்பில்லாமல் வந்திருந்தார். "ஜூடி, அத இன்னொரு தபா படிம்மா" என்றார். படித்தேன். அவர் சொன்னதாக நீ எழுதிய இடம் வந்தபோது நிறுத்தினேன். "படி. நான் சொன்னதுதான்" என்றார்.

முடித்ததும், மாமா கடலில் கையைக் காட்டியதையும் சொன்னேன். அதற்குள் மாமா வெளியே வந்துவிட்டார். "கையக் காட்னியாமே?" என்று கேட்டார் லோகநாதன். "காட்டனேன் நைனா. மூஞ்சத் திருப்பிக்கினான். நான் கிட்டப் போயிருக்கணும். போவல." "மூஞ்சத் திருப்பிக்கச் சொன்னதே நான்தானே வால்டரு" என்றார் லோகநாதன். அப்புறம் உட்கார்ந்துவிட்டார், அந்தக் கழனித் தண்ணீர் ஊற்றுகிற இடத்திலேயே. இரண்டு ஆண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. நான் உள்ளே வந்துவிட்டேன்.

நேற்றுக் கூட்டத்தில் அவரே எழுந்து தண்டக் காசை வைத்தாராம். எதுக்கு என்று கேட்டிருக்கிறார்கள். "வால்டரு வூட்டாண்ட பேசினேன்" என்றாராம். வேறு எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஊர்த் தலைவரே தண்டம் கட்டியது இந்தக் குப்பத்தில் இதுவரை நடந்ததில்லை. அப்புறம் மாசானம் எழுந்து அவனும் காசை வைத்திருக்கிறான், இன்னும் பேசாத பேச்சுக்கு முன்பணமாக. இருட்டுவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்தான். இன்று காலை செல்லக்கனி என் காசைத் திருப்பித் தரவில்லை. உனக்குப் போன் போட்டிருக்கலாம். எனக்குத்தான் மனம் வரவில்லை.

பேர் துலங்கிவிட்டது என்று நீ சந்தோஷப்படாதே. மாமா கடலுக்குப் போகவில்லை. மாதவரத்தில் லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றப் போகிறார். "கடல் அப்டியே கீது, நான்தான் இல்ல" என்கிறார்.

இன்னும் ஒன்று. பூவம்மாவுக்கு எதுவும் தெரியாது. லோகநாதனுக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவள் இன்னும் வால்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் சொல்லி அழுகிறாள். நான் போய்ச் சொல்லலாம். என் புருஷனுக்காக ஒரு தாயிடம் அவள் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். அது என் வேலை இல்லை.

கிறிஸ்துமசுக்கு வா. டிக்கெட்டை இந்தத் தடவை ரத்து செய்யாதே. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வராதே. முதலில் பூவம்மா வீட்டுக்குப் போ. உன்னை அவளுக்குப் பிடிக்கும், மகன் ஓயாமல் உன் பேச்சுத்தான் பேசுவானாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுவாள். சாப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிடு.

ஜூடி